பன்னிரண்டாம் பாடம்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன், போன கடிதத்துக்கு நீதான் பதிலே போடவில்லையே. போனில் பேசினால் நான் அழுவேன், நீ கத்துவாய், அப்புறம் யார் முதலில் வைத்தது என்று இரண்டு பேரும் மாதக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம். அதனால்தான் முக்கியமான சங்கதியை எழுதித்தான் தீர்ப்பது என்று ஒப்பந்தம் போட்டோம். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவளே மீறினால் எப்படி?

கடை சுமாராக ஓடுகிறது. எதிர்ச்சாரியில் புதிதாக இன்னொரு மருந்துக்கடை வந்திருக்கிறது, கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. இவர் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நம் கடைக்கு வருகிறவர்கள் பழக்கத்துக்காகத்தான் வருகிறார்கள். பெண்கள் வந்து நின்றால் இவர் கேள்வியே கேட்காமல் கறுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த மரியாதைக்காகவே பாதிப் பேர் இன்னும் எதிர்க்கடைக்குப் போகவில்லை.

வாண்டுக்கு மீசை அரும்புகிறது. இனிமேல் வாண்டு என்று கூப்பிடக் கூடாதாம். "ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படிக் கூப்பிடாதம்மா, மானம் போகுது" என்கிறான். குளியலறைக்குள் போனால் தாழ்ப்பாள் போட்டு, அது சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்க்கிறான். முன்பெல்லாம் பள்ளியில் எவன் எவனை அடித்தான் என்பதுவரை சொல்வான். இப்போது கேட்டால் "ஒண்ணுமில்ல" ஒன்றுதான் பதில்.

இனி நிஜமான விஷயம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இந்த வருடம் ஒரு பாடம் புதிதாகச் சேர்த்திருக்கிறீர்களே, அது இங்கே பெரிய ரகளையாகிவிட்டது. அதன் தலைப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தலைமையாசிரியையிலிருந்து காய்கறிக்காரம்மா வரை எல்லோருக்கும் அது "பன்னிரண்டாம் பாடம்". பெற்றோர் சங்கத்தில் நான் செயலாளர் ஆயிற்றே, தினமும் யாராவது வாசலில் வந்து நிற்கிறார்கள். நேற்று வாண்டின் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பக்கத்தில் பாடக்குழு என்று போட்டு உன் பெயர் இருக்கிறது! எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஊரெல்லாம் திட்டுகிற பாடத்தை எழுதினவள் என் அக்கா என்பதை நான் புத்தகத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூலை 13

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கோபம் வந்து சேர்ந்தது. தபால்தலை ஒட்டாமல் வந்ததால் நானே காசு கட்டி வாங்கினேன்.

சொல்லாதது தப்புதான். ஆனால் இரண்டு வருடமாக எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று நீயும் கேட்கவில்லையே. பழைய புத்தகக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு மின்விசிறி, அதைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் நாங்கள் வெந்துபோவோம். உடல் உறுப்புகளை விளக்கும் படத்துக்கு இடுப்பில் ஒரு துண்டு கட்டிவிடலாம் என்று குழுவில் ஒரு பெரியவர் யோசனை சொன்னார். உறுப்புகளை விளக்கத்தானே ஐயா படமே என்றேன். "அதுக்கில்லம்மா, பாக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதே" என்றார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் பல வாரம் சண்டை. எங்கள் வேலை இதுதான்.

இந்தப் பாடத்துக்காக நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். வாயால் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதிப் போடலாம், பேர் போட வேண்டாம். முதலில் பெண் பிள்ளைகள்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் பையன்களுடையது. "எனக்கு மட்டும் இன்னும் குரல் உடையவில்லை, நான் ஆண்தானா?" என்று ஒருவன். "ஒரு பக்கம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, இது வியாதியா? நான் செத்துவிடுவேனா?" என்று ஒருவன். அவன் எத்தனை நாள் அந்தப் பயத்தோடு சாப்பிட்டு, தூங்கி, கணக்குப் பரீட்சை எழுதினானோ. பெண்களுக்காவது அம்மா ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறாள். பையன்களுக்கு அதுகூடக் கிடையாது.

நீ வாண்டிடம் இதையெல்லாம் பேசியிருக்கிறாயா? மாப்பிள்ளையாவது பேசியிருக்கிறாரா? வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன். இல்லை, பேசவில்லை. பேசுவேன். எப்போது, எப்படி என்பதைப் பெற்றவள் நான்தானே முடிவு செய்ய வேண்டும்? என் பிள்ளை எதற்கு வெட்கப்படுவான், எதற்குப் பயப்படுவான் என்று எனக்குத் தெரியும். உன் புத்தகத்துக்குத் தெரியுமா?

நீ வகுப்பில் பெட்டி வைத்தாய், பொறுமையாகப் படித்தாய், உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பள்ளியிலும் நீயா நிற்கிறாய்? இங்கே பன்னிரண்டாம் பாடத்தைத் தொடங்கியவர் எங்கள் அறிவியல் வாத்தியார். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு முதல் மூன்று பக்கத்தையும் கடகடவென்று வாசித்தாராம், ஒரு பையன் சிரித்ததற்கு எல்லோரையும் முட்டி போடச் சொன்னாராம். மறுநாள் ஒரு பெண்ணின் மேசையில் எவனோ எதையோ வரைந்து வைத்திருக்கிறான். அந்தப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் போய் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய நல்ல பாடம் என்று நான் சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நாற்காலி போதாமல் ஆட்கள் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். தலைவர் ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, "அந்தப் பாடம், அதாவது, அந்த இது..." என்று இழுத்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டார். பாடமே வேண்டாம் என்று ஒரு கூட்டம். பெண் பிள்ளைகளுக்காவது வேண்டும் என்று நாங்கள் சிலர். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். பெண்களுக்கு மட்டும் ஒரு நர்ஸம்மாவை வரவழைத்து அவர்கள் பகுதியை நடத்துவது. அந்த நேரத்தில் பையன்கள் மைதானத்துக்குப் போவது. "ஆம்பளப் பசங்களுக்கு இதையெல்லாம் வேற சொல்லித் தரணுமா? நாமெல்லாம் என்ன க்ளாஸ்ல படிச்சா தெரிஞ்சுக்கிட்டோம்?" என்றார் ஒரு அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

இனிதான் கெஞ்சல். பாடத்தில் ஒரு பகுதியை விட வேண்டுமென்றால் பாடக்குழுவின் அனுமதி வேண்டுமாம். எங்கள் பக்கத்து விண்ணப்பங்கள் எல்லாம் உன் மேசைக்குத்தான் வருமாம். புத்தகத்தில் இருக்கும் பெயர் என் அக்கா என்பதை எவரோ கண்டுபிடித்துவிட்டார்கள். "உங்க அக்காதானே, ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்கிறார்கள். நீ மறுத்தால் அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? கடைக்கு வருகிற கொஞ்சநஞ்சப் பேரும் இந்தச் சங்கத்து ஆட்கள்தான். இவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சின்ன வயதிலிருந்து நான் கேட்டு நீ இல்லை என்று சொன்னதில்லை. இதையும் செய்துகொடு அக்கா.

உன் தங்கை


ஆகஸ்ட் 6

அன்புள்ள பொடிசுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வாரம் பள்ளிக்கு வந்து சேரும்.

இதே மாதிரிக் கேட்டு வந்த மற்ற விண்ணப்பங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாத்தியார் சரியில்லை என்றால் வாத்தியாருக்குப் பயிற்சி கொடுங்கள், பாடத்தை வெட்டாதீர்கள் என்று காரணமும் எழுதியிருக்கிறேன். உன்னுடையதை நாலு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். எதிரில் உட்காரும் சக ஊழியர், "என்ன டீச்சர், இது மட்டும் நகரவே மாட்டேங்குது?" என்றார். தலைவலி என்றேன்.

அந்தப் பெண் பிள்ளையின் அம்மா அழுததை எழுதியிருந்தாய். அதைப் படித்துக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதற்காகப் போடவில்லை. நீ கேட்டதற்காகப் போட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பையன்களை வெறுமனே மைதானத்துக்குத் துரத்திவிட்டு இருந்துவிடாதே. வாண்டிடம் நீ பேசு. அல்லது மாப்பிள்ளையைப் பேசச் சொல். எனக்கு வாக்குக் கொடு.

அக்கா


ஆகஸ்ட் 19

என் தங்கமான அக்காவுக்கு,

நீ செய்த உபகாரத்தை மறக்க மாட்டேன். அனுமதி வந்த அன்று ஜவுளிக்கடைக்காரரே வீட்டுக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில் கடையில் இருமல் மருந்தும் வாங்கினார்.

நர்ஸம்மா வந்து பெண் பிள்ளைகளுக்கு அழகாக நடத்தினாள். மேசையில் எவனோ வரைந்ததால் நின்றுபோன பெண்ணும் வந்துவிட்டாள். பையன்கள் பந்து விளையாடினார்கள். பையன்களின் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை அப்படியே விட்டால் திறந்து வைத்துக்கொண்டு கூத்தடிப்பார்கள் என்று ஒரே பேச்சு. அதனால் நாங்கள் சில அம்மாக்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பக்கத்தோடு பக்கமாகப் பசை வைத்து ஒட்டினோம். வாண்டின் புத்தகத்தை நானே ஒட்டினேன். டீ, அரட்டை, ஒரே சிரிப்பு. ரொம்ப நாளைக்கு அப்புறம் மனசு லேசாக இருந்தது.

வாக்குக் கேட்டிருந்தாய். அரைப் பரீட்சை முடியட்டும், இவரை விட்டுப் பேசச் சொல்கிறேன். சத்தியமாக.

உன் தங்கை


அக்டோபர் 2

அக்காவுக்கு,

நீ போட்ட கடிதங்கள் வந்தன. போனில் நீ கூப்பிட்டதும் தெரியும். நான்தான் எடுக்கவில்லை. வாண்டுக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்று இவர் உன்னிடம் சொன்னாராம். அது உண்மையில்லை. உண்மையை எழுதுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத எனக்குத் தெம்பு வராது.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்றான். இவர் கடைக்குப் போய் வாயு மருந்து கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் ஒரு மாத்திரை. சாயங்காலம் வாந்தி எடுத்தான். வெளியே கண்டதைத் தின்றிருப்பான் என்று திட்டினேன். மருந்துக்கடைக்காரர் வீட்டில் வயிற்றுவலிக்கு யார் டாக்டரிடம் போகிறார்கள்? எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே. வேறொரு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். வலி அமுங்கிய மாதிரி இருந்தது, தூங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடுத்தேன். "எங்கடா வலிக்குது? சரியாச் சொல்லு" என்றேன். "வயித்துலதாம்மா" என்றான். "காட்டு, நான் பாக்கறேன்" என்று போர்வையை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான். "போம்மா நீ, போ" என்று கத்தினான். மரியாதையில்லாமல் பேசுகிறான் என்று நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அக்கா, நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பொழுது சாயும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனான். காலை அகட்டி அகட்டி நடந்தான். இவர் அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாதான் சர்ஜன். அவள் கேட்டதும் அவனே சொன்னான், சனிக்கிழமை விடியும்போதே அங்கேதான் வலி, வயிற்றில் இல்லை என்று. விதை உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டதாம். இந்த வயதுப் பையன்களுக்கு வருவதுதானாம். "அன்னிக்கே வந்திருந்தா முறுக்கை எடுத்துவிட்டுத் தைச்சிருப்பேன். இப்ப ஒண்ணும் மிச்சமில்லையே" என்றாள். "வயித்துவலின்னுதான் மேடம் சொன்னான்" என்றார் இவர். "பசங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க. வாயில வராது அவங்களுக்கு" என்றாள். ஒரு விதையை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று நன்றாக இருக்கிறது, அதையும் முறுக்கிக்கொள்ளாமல் தைத்துவிட்டாள். வளர்வான், கல்யாணம் செய்துகொள்வான், பிள்ளை பிறக்கும், எதற்கும் தடையில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை.

மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் சொன்னது இதுதான். "சாரிம்மா. நான்தான் சொல்லலை. ஏதோ கெட்ட வியாதின்னு நெனச்சேன். அங்க வலிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் அக்கா.

இவர் கடையைத் திறக்கவில்லை. நான் மருந்து விற்கிறவன், நான் மருந்து விற்கிறவன் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ வராதே. இப்போது யாரையும் பார்க்க முடியாது.

தங்கை


அக்டோபர் 8

என் கண்ணே,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் பிரித்தேன். வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன், பிள்ளைகள் சுற்றி நின்று தண்ணீர் கொடுத்தார்கள்.

ஓடிவந்து உங்கள் மூன்று பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வராதே என்கிறாய், சரி. ஆனால் ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொண்டால் என்னை மன்னிக்கவே மாட்டாய்.

பன்னிரண்டாம் பாடத்தில் பையன்களின் பகுதியில், கட்டம் கட்டி ஒரு பத்தி இருக்கிறது. விதையில் திடீரென்று வலியோ வீக்கமோ வந்தால் அது வெட்கப்பட வேண்டிய வியாதி இல்லை, வயிற்றுவலி என்று மறைக்காமல் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பாற்றிவிடலாம் என்று அதில் போட்டிருக்கிறது. அந்தப் பத்தியைச் சண்டை போட்டுச் சேர்த்தவள் நான். உன் சங்கத்து விண்ணப்பத்தில் விட வேண்டிய பக்கங்களின் எண்கள் இருந்தன. அந்தப் பத்தி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

நீ அறியாமல் செய்தாய். நான் அறிந்து செய்தேன். நேற்று பாடக்குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி என் மேசைக்கு எந்த விண்ணப்பமும் வர வேண்டாம் என்று.

வாண்டிடம் பெரியம்மா கேட்டதாகச் சொல். சாப்பிடுகிறானா?

அக்கா


அக்டோபர் 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அவன் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கங்களைப் பிரித்தேன். நல்ல பசை. நீராவியில் காட்டியும் கிழிந்துதான் வந்தது. கட்டத்துக்குள் பாதி வரி இந்தப் பக்கம், பாதி வரி அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. சேர்த்துவைத்துப் படித்தேன். என் பிள்ளைக்கே எழுதின மாதிரி இருந்தது.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டால் நீ கொடுத்துவிடுவதா? கேட்பதற்கு எனக்கு என்ன தெரியும்? மற்றவர்களுக்கெல்லாம் முடியாது என்றாயே, அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் நல்லது செய்தாயே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? என்னோடு சண்டை போட்டிருக்கலாமே. நான் அழுதிருப்பேன், ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். ஜென்மத்தில் ஒரு தடவை நீ என்னை ஜெயித்திருக்க வேண்டாமா?

அதோடு போகவில்லை. சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பையன்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று எழுந்து நின்றேன். என்னம்மா திடீரென்று மாறிவிட்டீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. நடந்ததை அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து நடத்துவது என்று உடனே தீர்மானமும் போட்டுவிட்டார்கள். நான் ஏதோ சாதித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை அவன் பள்ளியிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறான், எனக்கு ஊகிக்க முடிகிறது. "யாரைக் கேட்டு சொன்ன? அது என்னோட உடம்பும்மா" என்றான். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டிய காலத்தில் வாயைத் திறக்காமல், திறக்கக் கூடாத இடத்தில் திறந்திருக்கிறேன்.

அவனுக்கு இந்தப் பள்ளி வேண்டாம். உன்னிடம் வந்து படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அனுப்பிவைக்கிறோம்.

இன்னும் ஒன்று. எல்லாம் தன் தப்பு என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் சொல்லியிருந்தால் அப்பா கடையை மூடியிருக்க மாட்டார், அம்மா அழுதிருக்க மாட்டாள் என்று இவரிடம் சொன்னானாம். பக்கத்தை ஒட்டினது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. விண்ணப்பம் எழுதியதும் நான்தான் என்று தெரியாது. கதவுவரை போகிறேன், உள்ளே போக முடியவில்லை. அவன் அங்கே வந்ததும் நீ சொல்லிவிடு. உனக்குச் சொல்ல வரும், நீ டீச்சர். இதை மட்டும் எனக்காகச் செய்.

தங்கை


நவம்பர் 3

அன்புள்ள பொடிசுக்கு,

நீ திட்டியது அத்தனையும் சரி. வைத்திருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வாண்டை அனுப்பு. தெருவைப் பார்த்த அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். என் பள்ளியில் சேர்க்கவில்லை, பெரியம்மாவே டீச்சராக இருந்தால் அவனுக்கு மூச்சு முட்டும். பக்கத்துப் பள்ளியில் பேசிவிட்டேன். அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் நீ கேட்ட அந்த ஒன்றைச் செய்ய மாட்டேன். நான் செய்ததை நான் அவனிடம் சொல்வேன். நீ செய்ததை நீதான் சொல்ல வேண்டும். அவனைக் கூட்டிக்கொண்டு நீயே வா. எனக்கு முன்னால் வேண்டாம் என்றால் நான் வெளியே போய்விடுகிறேன். உன் வாயால் கேட்டால்தான் அவன் நம்புவான், அது அவன் தப்பு இல்லை என்று. நான் எத்தனை தடவை சொன்னாலும், அம்மாவைக் காப்பாற்றப் பெரியம்மா சொல்கிறாள் என்றுதான் நினைப்பான்.

அழு, கோபித்துக்கொள், ஒரு வருடம் பேசாமல் இரு. முடியாது என்றால் முடியாது.

அக்கா


நவம்பர் 24

பொடிசுக்கு,

வாண்டு வந்து சேர்ந்துவிட்டான். மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார். நீ வருவாய் என்று பஸ்ஸிலிருந்து கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவளுக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இளைத்துவிட்டார். டீகூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வாண்டு உன்னைவிட உயரமாகிவிட்டான். பழையபடி சாப்பிடுகிறான் என்று சொல்ல முடியாது, தட்டை வழித்து வைக்கிறான், அவ்வளவுதான். பள்ளிக்குப் போகிறான், வருகிறான். விளையாட்டு வகுப்புக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுகிறான். வாண்டு என்று நான் கூப்பிடுவதில்லை. இதை எழுதும்போது பழக்கத்தில் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து என் பங்கைச் சொன்னேன். அந்தப் பாடம், அந்தப் பத்தி, அது தெரிந்தே நான் போட்ட கையெழுத்து, எல்லாம். "நீங்க ஏன் பெரியம்மா போட்டீங்க?" என்றான். ஒருத்தர் கேட்டார், எனக்கு முடியாது என்று சொல்லத் தெரியவில்லை என்றேன். "யாரு கேட்டாங்க?" என்றான். நான் பேசாமல் இருந்தேன். அவன் முட்டாள் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். அறைக்குள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டே, "அம்மா எனக்கு ஏதாவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். நேற்றும் கேட்டான். இன்றைக்கும் தபால்காரர் வந்துபோனதும் வாசல்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இனி எனக்கு எழுதாதே. அவனுக்கு எழுது.

அக்கா